மிஸ் பிலோமினா போட்ட மணிக்கணக்கு

செய்தி டெலிபோனில் வந்தது. காலையில் ஆபீஸைத் திறந்து, மின்விசிறியைப் போட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பேசியவர் மேலப்புதூர் கோவில் உபதேசியார். சாமியாருக்கு அடுத்தபடி அந்தக் கோவிலில் எல்லாக் காரியத்தையும் பார்ப்பவர். "வரதன் சாருங்களா? நம்ம பிலோமினா அம்மா தவறிட்டாங்க. காலைப் பூசைக்கு வரலையேன்னு பக்கத்து வீட்டுக்காரங்க போய்ப் பார்த்திருக்காங்க. தூக்கத்துலயே போயிருக்குங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேள்வியும் வந்துவிட்டது. "தங்கச்சி நைரோபியில இருக்காங்கல்ல, தந்தி கொடுத்துட்டோம். அங்கேருந்து திருச்சிக்கு வர எவ்வளவு நேரமாகும்னு சாமி கேட்கச் சொன்னாரு. அவங்களுக்காக வச்சிருக்கலாமா, இல்லை இன்னைக்குச் சாயங்காலமே அடக்கம் பண்ணிடலாமா?"

இந்த மாதிரிக் கேள்விக்குத் திருச்சியில் பதில் சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அவரைக் கட்டிலில் கிடத்தி வைத்துக்கொண்டு என்னிடம் கேட்கிறார்கள். "பார்த்துச் சொல்றேங்க" என்று போனை வைத்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஐம்பது வயது ஒரு சாகிற வயதா?

கண்டோன்மெண்டில் எங்கள் விமான டிக்கெட் ஆபீஸுக்கு வந்து போனவர்களுக்கு மிஸ் பிலோமினாவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வாசலுக்கு நேரே இருந்த முதல் மேஜை அவருடையது, பக்கத்து மேஜை என்னுடையது. பதினைந்து வருஷத்துக்கு மேல் அப்படி உட்கார்ந்திருந்தோம். வெள்ளைக் காட்டன் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை, மூக்குக்கண்ணாடி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா போன பிறகு தங்கை செசிலியைப் படிக்க வைத்து, கட்டிக்கொடுத்து, ஆப்பிரிக்காவுக்கு விமானம் ஏற்றிவிட்டதும் அவர்தான். என்னை 'அய்யங்கார் சார்' என்பார், அதில் ஒரு கிண்டல் இருக்கும். நான் அவரை 'மிஸ்' என்பேன், அதில் கொஞ்சம் பயம் இருக்கும்.

அவருடைய மேஜையில் பள்ளிக்கூடங்களில் வைத்திருக்கும் தகர உலக உருண்டை ஒன்று இருந்தது. சேர்ந்த புதிதில் நான் சுவரில் மாட்டியிருந்த தேசப்படத்தில் அடிக்கோலை வைத்து, லண்டனுக்கும் பம்பாய்க்கும் இவ்வளவு மைல் என்று ஒரு ஆசாமியிடம் அடித்துவிட்டேன். அவர் போகிற வரைக்கும் மிஸ் பேசாமல் இருந்தார். பிறகு உருண்டையை என் பக்கம் நகர்த்தி, அதன் மேல் நூலை இழுத்துப் பிடித்துக் காட்டினார். "பூமி அப்பளம் இல்லை அய்யங்கார் சார், லட்டு. நூலைப் பிடிச்சுப் பாருங்க, உங்க கணக்கு எங்கே போச்சுன்னு தெரியும்." சரி, நூல்தான் வழி என்று நான் ஒப்புக்கொண்டதும் அதையும் அடித்தார். "நூல் போற வழியில பிளேன் போகாது. பெட்ரோல் கிடைக்கிற வழியில போகும்." ரோம், கெய்ரோ, கராச்சி என்று ஒவ்வொரு இடமாக விரலை வைத்துக்கொண்டே வந்தார். இப்படி நம்மைக் குட்டிவிட்டுக் காப்பிக்குச் சொல்லி அனுப்புவார். கோபித்துக்கொள்ளவும் முடியாது.

யார் வந்து "இன்ன ஊருக்கு எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டாலும் அவர் உடனே சொல்ல மாட்டார். "அந்தப் பக்கம் யாரு காத்திருக்காங்க?" என்பார். பாலக்கரை ராவுத்தர் ஒருவர், கொழும்பில் கடை வைத்திருந்தவர், வந்து இதே கேள்வியைக் கேட்டார். "யாரும்மா, சரக்கு எடுக்குற யாவாரிதான்" என்றார். "வியாபாரி காத்திருப்பாருங்க. நீங்க போட் மெயில்லயே போங்க பாய். வீட்டம்மா காத்திருந்தா வாங்க, பிளேன்ல ஏத்தி விடறேன்." ராவுத்தர் விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் மேனேஜர் சிரிக்கவில்லை. வந்த கிராக்கியை ரயிலுக்கு அனுப்பினால் யாருக்குத்தான் சிரிப்பு வரும்? ஆனால் அடுத்த ரமலானுக்கு முன்னால் அந்த ராவுத்தர் குடும்பத்தோடு வந்து மிஸ்ஸின் மேஜையில்தான் டிக்கெட் எடுத்தார்.

அவர் சொல்லும் நேரம் ஓரிடத்து விமான நிலையத்திலிருந்து மறு விமான நிலையம் வரைக்கும் உள்ள நேரம் அல்ல. வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும். டாக்ஸி கிடைக்காத நேரம், சுங்கத்தில் பெட்டியைக் கிளறுகிற நேரம், ஊசிச் சான்றிதழைத் தேடுகிற நேரம் எல்லாம் அதில் வரும். போகிற ஆளையும் எடை போட்டுக்கொள்வார். "இவர் நிதானம், முதல் பிளேனை விட்டுடுவார்" என்று என் பக்கம் திரும்பி முணுமுணுப்பார். பெரும்பாலும் அப்படியே நடக்கும். இதனால் அவருக்கு ஊரில் ஒரு பெயர். சாவு வீடுகளிலிருந்து எங்களுக்கு வந்த போன்கள், டிக்கெட் வாங்க வந்த போன்களைவிடக் குறைவு என்று சொல்ல மாட்டேன். பிள்ளை சிங்கப்பூரில், மருமகன் பினாங்கில், வருவானா, எடுத்துவிடலாமா? மிஸ் உருண்டையைப் பார்ப்பார், அட்டவணையைப் பார்ப்பார், "காத்திருங்க" என்பார், அல்லது "காத்திருக்காதீங்க" என்பார். கேட்டவர்கள் அப்படியே செய்தார்கள்.

இனிச் சொல்லப்போவது எங்கள் வீட்டு விஷயம். நான் ஸ்ரீரங்கத்துக்காரன். என் அக்காவும் அத்திம்பேரும் வடக்குச் சித்திரை வீதியில் இருந்தார்கள். அத்திம்பேர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாளும் நட்சத்திரமும் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார். ஒரே பிள்ளை சௌந்தர், லண்டனில் வேலை. அவன் முதல்முதலாகப் புறப்பட்டபோது, திருச்சியிலிருந்து பிளேன் கிளம்புவது ராகுகாலத்தில் என்று தெரிந்து, அத்திம்பேர் ஆபீஸுக்கே வந்து டிக்கெட்டை மாற்றிக்கொண்டு போனார். போகும்போது ஒரு சந்தேகம் வந்துவிட்டது. "ஏம்மா, லண்டன்ல ராகுகாலம் நம்ம கடிகாரப்படியா, அவா கடிகாரப்படியா?" நான் எங்கேயாவது ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். மிஸ் கொஞ்சமும் சிரிக்காமல், "சூரியன் எந்த ஊர்ல உதிக்குதோ அந்த ஊர்க் கடிகாரம்தான் மாமா" என்றார். அத்திம்பேருக்குப் பரம திருப்தி. அன்றிலிருந்து மிஸ்ஸின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில், விமான அட்டவணைக்குப் பக்கத்தில், ராகுகால அட்டவணையும் இடம் பிடித்தது. "பிளேன் கிளம்புற நேரம் எனக்குத் தெரியும். ஸ்ரீரங்கத்துக்காரங்க கிளம்புற நேரம் இதுக்குத்தான் தெரியும்" என்பார்.

சௌந்தரும் அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்தவன். முதல் லீவில் வந்தபோது, பம்பாயில் மாற வேண்டிய பிளேன் ராகுகாலத்தில் கிளம்புகிறது என்று அதை விட்டுவிட்டு, ஓட்டலில் ஒரு ராத்திரி தங்கி மறுநாள் வந்து சேர்ந்தான். மிஸ்ஸுக்கு அது நன்றாகத் தெரியும், அவன் பம்பாயிலிருந்து தந்தி கொடுத்ததும் டிக்கெட்டை மாற்றித் தந்ததே அவர்தான்.

அத்திம்பேர் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை பரமபதித்தார். மார்வலி என்றார், உட்கார்ந்தார், அவ்வளவுதான். லண்டனுக்கு உடனே தந்தி கொடுத்தோம். வீதியில் பிரேதம் இருக்கிறவரை அக்கம்பக்கத்தில் யாரும் அடுப்பு மூட்ட மாட்டார்கள், பெருமாளும் அந்தப் பக்கம் எழுந்தருள முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீதியில் புறப்பாடு. எதிர் வீட்டு ராகவாச்சாரியார் வந்து என்னைத் தனியாக அழைத்தார். அவர் சொன்னதை இன்றைக்கும் மறக்கவில்லை. "வரதா, சௌந்தர் நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வந்துடுவான்னா நாங்க பொறுத்துக்கறோம். குழந்தைகளைப் பக்கத்து வீதிக்கு அனுப்பிச் சாப்பிடப் பண்ணிக்கறோம். பிள்ளை கையால ஆகட்டும். அதைத் தாண்டினா முடியாது, நீதான் பார்த்துச் சொல்லணும்." வைதிகர்கள் வாய்விட்டு இப்படிச் சொல்வது பெரிய விஷயம். அக்கா கூடத்தில் உட்கார்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வந்துடுவான்டா. வந்துடுவானோன்னோ?" என்றாள்.

தெற்கு வாசல் மருந்துக் கடையிலிருந்து மிஸ்ஸுக்குப் போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டதும் அட்டவணையைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார். "இன்னைக்கு அவங்க நேரம் பதினோரு மணிக்கு லண்டன்லேர்ந்து ஒரு பிளேன் இருக்கு. தந்தி அதுக்கு முன்னாடி கையில கிடைச்சுடும். அதுல ஏறினா நாளைக்குச் சாயங்காலம் வீட்டு வாசல்ல இருப்பார்."

"அப்பாடா" என்றேன்.

"ஏற மாட்டார் சார். வெள்ளிக்கிழமை பத்தரையிலேர்ந்து பன்னிரண்டு ராகுகாலம். அடுத்தது ஞாயித்துக்கிழமைதான். அதுல வந்தா திங்கள் சாயங்காலம் ஆயிடும்."

"அப்பா போயிருக்கார் மிஸ். இப்பவுமா பார்ப்பான்?"

"அந்த அப்பாதானே சார் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்? காத்திருக்காதீங்க."

நான் திரும்பி வந்து அதையே சொன்னேன். ராகவாச்சாரியார் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் கொள்ளிடக்கரையில், அத்திம்பேரின் தம்பி பிள்ளை கையால் எல்லாம் முடிந்தது.

சனிக்கிழமை காலை தந்தி வந்தது. லண்டன் விமான நிலையத்திலிருந்து கொடுத்தது. புறப்பட்டுவிட்டேன், காத்திருக்கவும் என்று இருந்தது. அக்காவிடம் யார் படித்துக் காட்டுவது? நானே காட்டினேன். பிறகு அதை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். மிஸ் வாங்கிப் படித்தார். இரண்டாம் தரம் படித்தார். மேனேஜரிடம் போய் லீவு சொல்லிவிட்டு வந்து, "விமான நிலையத்துக்கு நானும் வரேன்" என்றார். வேண்டாம் மிஸ், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மெட்ராஸிலிருந்து வந்த டகோட்டா விமானத்திலிருந்து சௌந்தர் இறங்கினான். கையில் பெட்டி இல்லை. கோட்டு போட்டிருந்தான், காலில் வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் துணிச் செருப்பு. என்னைப் பார்த்ததும் வேகமாக வந்தான். நான் தொண்டையைச் செருமுவதற்குள் மிஸ் எனக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். "தம்பி, நேத்தே ஆயிடுச்சு. உங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம்னு சொன்னது நான்தான். உங்க மாமா இல்லை, அம்மாவும் இல்லை" என்றார்.

அவன் அவரையே பார்த்தான். "ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டான். சத்தம்கூடப் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது.

டாக்ஸியில் வரும்போது, ஏதாவது பேச வேண்டுமே என்று, "நேத்திக்கு நீ கிளம்பினது ராகுகாலமாச்சேடா" என்றேன். அவன் ஜன்னலிலிருந்து திரும்பி, "எந்த ராகுகாலம், மாமா?" என்றான். நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை. முன் ஸீட்டில் உட்கார்ந்திருந்த மிஸ் பிலோமினா திரும்பிப் பார்க்கவில்லை. காவிரிப் பாலம் தாண்டும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். மறுபடியும் கழற்றினார்.

காரியங்கள் முடிந்த பிறகு ஒரு நாள் அவர் தனியாக ஸ்ரீரங்கம் வந்து, அக்கா வீட்டு வாசற்படிக்குக் கீழே நின்றார். அக்காவே எழுந்து வந்து, "உள்ளே வாம்மா" என்றாள். பக்கத்து வீட்டு மாமி முகத்தைச் சுளித்தாள், அக்கா அதைக் கவனிக்கவில்லை. மிஸ் உட்காரவும் இல்லை. "என் கணக்கு தப்பாப் போச்சும்மா" என்றார்.

அக்கா படித்தவள் இல்லை. ஆனால் அவள் சொன்ன மாதிரி நான் சொல்லியிருக்க மாட்டேன். "உன் கணக்குல தப்பில்லைடீ அம்மா. அவன் இப்படி விழுந்தடிச்சு ஓடி வருவான்னு பெத்த எனக்கே தெரியலையே, உனக்கு எப்படித் தெரியும்? நான் நம்பியிருக்கணும். வருவான், வைங்கோடான்னு நான் ஒரு வார்த்தை கத்தியிருக்கணும்." சொல்லிவிட்டு அழுதாள். மிஸ்ஸும் அழுதார். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அங்கே வேலை இல்லை, வாசலுக்கு வந்துவிட்டேன்.

சௌந்தர் திரும்பிப் போக எங்கள் ஆபீஸில்தான் டிக்கெட் எடுத்தான். மிஸ்ஸிடம் மரியாதையாகப் பேசினான். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்பார்கள். எங்கள் வீட்டில் அது அரைகுறையாகத்தான் ஆறியது. அவன் அதற்குப் பிறகு வருஷா வருஷம் திவசத்துக்கு வந்து போகிறான்.

ஆனால் மிஸ் பிலோமினா மாறிவிட்டார். ராகுகால அட்டவணை கண்ணாடிக்கு அடியிலிருந்து காணாமல் போயிற்று. சாவு வீட்டுப் போன்கள் வந்துகொண்டுதான் இருந்தன. அவர் தூரத்தைப் பார்ப்பார், பிளேனைப் பார்ப்பார், மணியைச் சொல்வார். "அப்ப வச்சிருக்கலாமா, எடுத்துடலாமா?" என்று அந்தப் பக்கம் கேட்பார்கள். "அது உங்க மனசுங்க" என்று வைத்துவிடுவார். நான் ஒருமுறை கேட்டேன், பாவம், தவிக்கிறார்களே, ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று. "மைலுக்குக் கணக்கு உண்டு அய்யங்கார் சார். பெத்தவங்களுக்காக ஒருத்தர் ஓடி வர்ற வேகத்துக்குக் கணக்கு கிடையாது. எனக்குத் தெரியாததை நான் ஏன் சொல்லணும்?" என்றார். இதைச் சொல்லிவிட்டு எனக்கும் சேர்த்துத்தான் காப்பி சொன்னார்.

இப்போது உபதேசியார் என் பதிலுக்குக் காத்திருந்தார். அட்டவணையை எடுத்தேன். நைரோபியிலிருந்து பம்பாய்க்கு வாரத்தில் சில நாள்தான் பிளேன். நல்லவேளை, அன்றைக்கே ஒன்று இருந்தது. பம்பாயிலிருந்து மெட்ராஸ், அங்கிருந்து திருச்சி. மறுநாள் மாலை வந்துவிடலாம். ஆனால் ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் வேண்டும். அது இல்லையென்றால் பம்பாயில் இறக்கித் தனியாக ஒரு வாரம் வைத்துவிடுவார்கள். செசிலி ஊருக்கு வந்தே பல வருஷம் ஆகிறது, சான்றிதழ் எப்போதோ காலாவதியாகியிருக்கும். எப்படிப் பார்த்தாலும் வர முடியாது. இதில் மனிதர்களை எடை போட வேண்டிய அவசியமே இல்லை, சட்டம் ஒன்றே போதும்.

போனில் சொல்ல மனம் வரவில்லை, மேலப்புதூருக்கே போனேன். மிஸ் தூங்குகிற மாதிரிதான் கிடந்தார். கண்ணாடி இல்லாமல் அந்த முகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. பங்குச் சாமியார் வந்து, "என்னங்க, வந்துடுவாங்களா?" என்று கேட்டார். சுற்றி நின்ற எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"வர முடியாது சாமி. ஆனா நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் வைங்க" என்றேன்.

"வர முடியாதுன்னா எதுக்குங்க வைக்கணும்? வெயில் வேற இப்படி அடிக்குது" என்று உபதேசியார் கேட்டார். நியாயமான கேள்விதான். "வைங்க" என்று மட்டும் திரும்பச் சொன்னேன். சாமியார் என் முகத்தைப் பார்த்தார், சரி என்றார். பனிக்கட்டிக்கு ஆள் போயிற்று, மரத்தூள் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் மாறி மாறி ஜெபமாலை சொன்னார்கள். மறுநாள் சாயங்காலம் மெட்ராஸ் பிளேன் இறங்கும் நேரம் வரைக்கும் பார்த்துவிட்டு, கல்லறைக்கு எடுத்துக்கொண்டு போனோம். யாரும் வரவில்லை. "சொன்னேன்ல?" என்கிற மாதிரி உபதேசியார் என்னைப் பார்த்தார், பாவம், வாயால் ஒன்றும் சொல்லவில்லை.

செசிலி அடுத்த வாரம் வந்தார். அன்றைக்கே, அதே பிளேனிலேயே ஏறியிருக்கிறார். சான்றிதழ் இல்லை, பம்பாயில் பிடித்து வைப்பார்கள் என்று நைரோபியிலேயே எச்சரித்திருக்கிறார்கள். பிடித்தும் வைத்தார்கள். கல்லறைக்குப் போய்விட்டு நேரே ஆபீஸுக்கு வந்து, மிஸ்ஸின் காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"எனக்காக எவ்வளவு நேரம் வச்சிருந்தீங்க சார்?"

"மறுநாள் சாயங்காலம் வரைக்கும்மா."

"நான் வர முடியாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? ஊசி விஷயம் தெரியாமலா இருக்கும்?"

"தெரியும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அக்கா இருந்திருந்தா எடுத்துடுங்கன்னு சொல்லியிருப்பா. காத்திருக்காதீங்கன்னு சொல்றதுதானே அவ வழக்கம்? அதைப் பத்தி எனக்கே எத்தனை தடவை எழுதியிருக்கா."

"முன்னாடி சொல்லியிருப்பாங்கம்மா. அப்புறம் சொல்லியிருக்க மாட்டாங்க" என்றேன்.

ஏன் என்று கேட்டார். சௌந்தர் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, பம்பாயில் தனியாக அடைத்து வைத்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதுகூட வராத அழுகை இப்போது வருகிறது என்று சொல்லி, மேஜையில் தலை வைத்து அழுதார். நான் காப்பிக்குச் சொல்லி அனுப்பினேன்.

மிஸ் பிலோமினாவை அறிந்த நீங்கள் ஒவ்வொருவரும் அவர் துல்லியமாகச் சொன்ன ஏதோ ஒரு பதிலை வைத்திருப்பீர்கள்; கொழும்புக்கு இவ்வளவு, பினாங்குக்கு இவ்வளவு என்று. தூரமும் நேரமும் அட்டவணையில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். நான் எனக்கென்று வைத்துக்கொண்டிருப்பது அவர் தப்பாகப் போட்ட அந்த ஒரு கணக்கை. அதை வைத்துத்தான் அவரை ஒரு நாள் கூடுதலாக வீட்டில் வைத்திருந்தேன்.